எத்தனை அடி தாங்கும்?



நமது ஆலயத்தின் பின்புற அறையில், பதிவேடுகள் வைக்கும் அலமாரிக்கு அருகே, ஒரு பழைய மேசைக் கணினி இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 2015-ஆம் ஆண்டு சபையின் கணக்குகளை எழுதுவதற்காக வாங்கப்பட்டது அது. பின்னர் ஞாயிறு ஆராதனையின் காணொளிகளைத் தொகுக்கும் வேலையும் அதன் தலையில் ஏறியது. இந்த வாரம் அந்தக் கணினியைப் பற்றியும், அதைச் சீர்ப்படுத்தப் போய் நான் செய்த பிழையைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதை எழுதச் சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

அந்தக் கணினியில் வேலை செய்கிற வாலிபனை நீங்கள் அறிவீர்கள்; பெயரைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்காக உழைப்பான். மற்ற நாட்களில் ஆண்டிபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் திருமணம், காதணி விழா, புதுமனைப் புகுவிழா என்று அழைப்பவர் வீட்டுக்கெல்லாம் கேமராவோடு சென்று, படம் எடுத்து, இரவில் வந்து அதே கணினியில் தொகுப்பான். சொந்தமாக ஒரு கணினி வாங்கும் வசதி அவனுக்கு இல்லை; சபைக் குழுவின் இசைவோடு இதனைப் பயன்படுத்தி வந்தான்.

சென்ற ஆடி மாதத்தின் தொடக்கத்தில் ஒரு மாலை அவன் என்னிடம் வந்தான். "ஐயா, நான் திருப்பூர் போயிரலாம்னு இருக்கேன். பனியன் கம்பெனியில சித்தப்பா வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு" என்றான். காரணம் கேட்டேன். இப்போது எல்லாரும் 4கே தரத்தில் படம் கேட்கிறார்கள் என்றும், பழைய கணினியில் அந்தப் படத்தை ஓட்டிப் பார்க்கவே முடியவில்லை, ஒரு விநாடி ஓடி மூன்று விநாடி நிற்கிறது என்றும், ஆவணி முகூர்த்தங்களுக்கு நான்கு வீட்டார் சொல்லியிருந்தும் ஏற்றுக்கொள்ள அஞ்சுகிறேன் என்றும் சொன்னான். அவன் தகப்பனை இழந்தவன். வீட்டில் தாயும் தங்கையும் மட்டுமே.

அவனை ஊரிலேயே நிறுத்த வேண்டும் என்கிற ஆவல் எனக்குள் பெருகியது. அந்த ஆவல் நல்லதே. ஆனால் ஆவல் நல்லதாயிருந்தால் ஆலோசனையும் நல்லதாயிருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேனே, அங்கேதான் தவறினேன்.

கணினி அறிந்த ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் அவர். மதுரையில் ஒரு கடையில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் கார்டு பயன்படுத்திய நிலையில் 19,000 ரூபாய்க்குக் கிடைப்பதாகவும் சொன்னார். நான் மறுநாளே அந்த வாலிபனை அழைத்து, "தயங்காதே, வாங்கிவிடு" என்றேன். போதகர் சொல்லிவிட்டார் என்பதற்காக அவன் வேறு யாரையும் கேட்கவில்லை. பணத்துக்கு என்ன செய்தாய் என்று நானும் கேட்கவில்லை.

அன்பானவர்களே, கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம் சக்கம்பட்டியின் தறிகளையும் டி.சுப்புலாபுரத்தின் விசைத்தறிகளையும் எண்ணிப் பாருங்கள். கைதேர்ந்த நான்கு நெசவாளர்கள் எந்தக் கடினமான வேலைப்பாட்டையும் நெய்துவிடுவார்கள். ஆனால் ஒரே மாதிரியான ஆயிரம் சேலைகளை ஒரே நாளில் கேட்டால் அவர்களால் இயலாது. அதற்கு வரிசை வரிசையாய்த் தறிகள் வேண்டும். கணினியின் மையச் செயலி அந்த நான்கு நெசவாளர்களைப் போன்றது. நம் கணினியின் செயலியிலும் சரியாக நான்கு கூறுகளே உண்டு. கிராபிக்ஸ் கார்டோ தறிக்கூடம். 3060 கார்டில் சிறிய கணக்கிடும் கூறுகள் 3,584 இருக்கின்றன. 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 படங்கள் ஓடும்போது, ஒவ்வொரு விநாடியும் இருபது கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் திருத்த வேண்டும். வேலை ஒன்றே, எண்ணிக்கைதான் மிகுதி. ஆகவேதான் காணொளித் தொகுப்புக்குத் தறிக்கூடம் தேவைப்படுகிறது.

ஆனால் தறிக்கூடத்துக்கு மின்சாரம் வேண்டுமே! அதை நான் எண்ணவில்லை.

கார்டு வந்தது. பெட்டிக்குள் அது இடித்துக்கொண்டு நுழைந்தது. அதற்குத் தனியாக 8 முனைகள் கொண்ட மின் இணைப்பு தேவைப்பட்டது; நம் பழைய எஸ்.எம்.பி.எஸ்.-இல் அப்படி ஒரு கம்பியே இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்திருந்த ஒரு மாற்று இணைப்பை மாட்டி, ஹார்டு டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாதாரணக் கம்பிகளிலிருந்து இழுத்துக் கொடுத்தான். கணினி எழுந்தது. படம் தங்குதடையின்றி ஓடியது. அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்தேன்; சிறிது பெருமிதமும் கொண்டேன் என்பதை மறைக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, ஒரு திருமணக் காணொளியின் இறுதி வடிவத்தை உருவாக்கக் கொடுத்துவிட்டு அவன் காத்திருந்தபோது, கணினி சட்டென்று அணைந்தது. மறுபடி முயன்றான். பத்து நிமிடத்தில் மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை ஒரு சிறிய வெடிப்புச் சத்தமும், கருகிய வாடையும் எழுந்தன. அதன் பின் அது எழவே இல்லை.

இரவு பதினொன்றரை மணிக்கு அவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். கார்டு போனதைப் பற்றி அவன் பேசவில்லை. "ஐயா, அந்தக் கல்யாணத்தோட ஒரிஜினல் எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. மெமரி கார்டை அழிச்சுட்டு அடுத்த விசேஷத்துக்கு எடுத்துட்டேன்" என்றான். பிறகு தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னான். அந்தத் திருமணத்தில் மணமகளின் தலையில் கைவைத்து வாழ்த்திய பாட்டியார், பத்து நாட்களுக்குப் பின் காலமாகிவிட்டார். அவர் அசைந்து, பேசி, சிரிக்கிற படம் அந்தக் குடும்பத்தாருக்கு வேறு எங்கும் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி எத்தனையோ முறை இதே ஊரில் பிரசங்கித்திருக்கிறேன். மேடையில் நின்று சொன்னதை, மேசைக்கடியில் இருந்த ஒரு பெட்டியின் விஷயத்தில் நான் கடைப்பிடிக்கவில்லை.

விடிந்ததும், வைகை அணையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவரை அழைத்தேன். கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. மின்சாரத்தையும் பொறுப்பையும் பற்றித் தெரியும். கருகிய பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இது எத்தனை வாட் தாங்கும்?" என்று கேட்டார். பக்கவாட்டில் 300 என்று அச்சிட்டிருந்தது. "உள்ள இருக்கிறது எல்லாம் சேர்ந்து எவ்வளவு கேட்குது?" என்றார். நாங்கள் அப்போதுதான் கணக்கிட்டோம். செயலி உச்ச வேலையில் 84 வாட். கார்டு 170 வாட். தாய்ப்பலகை, ஹார்டு டிஸ்க், விசிறிகள் எல்லாமாக இன்னும் நாற்பது, ஐம்பது. ஆக ஏறக்குறைய 300. தாங்கும் அளவும் 300. அதுவும் பத்தாண்டு உழைத்துத் தேய்ந்த 300. அந்தக் கார்டுக்கு என்விடியா நிறுவனமே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.-ஐப் பரிந்துரைக்கிறது என்பதை அன்று காலைதான் படித்தோம்.

அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "ஐயா, நம்ம அணையில தண்ணி தேக்குற முழு அளவு 71 அடி. ஆனா 71 வர்ற வரைக்கும் யாராவது கையக் கட்டிக்கிட்டு இருப்பாங்களா? 66 அடியில முதல் எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. அஞ்சு மாவட்டத்துக்கும் தகவல் போயிரும். விளிம்பு வரைக்கும் நிரப்புறதுக்கு எந்த அணையையும் கட்டுறதில்ல. இந்தப் பெட்டி எத்தனை அடி தாங்கும்னு யாரும் பார்க்கலையா?" என்றார்.

அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் யாரும் பார்க்காததற்குக் காரணம் நான்.

அன்று பிற்பகல் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்த்தோம். அது சுழலத் தொடங்கிய ஓசையைக் கேட்டபோது அந்த வாலிபன் தரையில் அமர்ந்துவிட்டான். கோப்புகள் யாவும் இருந்தன. பாட்டியார் மணமகளின் தலையில் கைவைத்து நின்றார். நாங்கள் அந்த நிமிடமே இரண்டு பிரதிகள் எடுத்தோம். அன்றுமுதல், இரண்டு இடங்களில் பிரதி இல்லாமல் எந்த மெமரி கார்டையும் அழிப்பதில்லை என்று அவன் தீர்மானம் செய்திருக்கிறான்.

அதன் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் இத்தகைய வேலைக்குக் கணினியை மேம்படுத்த எண்ணினால் பயன்படும் என்பதால் வரிசையாய் எழுதுகிறேன்.

முதலாவது, பெட்டியைத் திறந்து பார்த்தோம். செயலியின் மேலுள்ள விசிறியிலும் அதன் அடியிலுள்ள தகடுகளிலும் தறிப் பக்கத்திலிருந்து வந்த பஞ்சுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பத்தாண்டாக யாரும் துடைக்கவில்லை. அதை நீக்கிப் புதிய வெப்பப் பசை தடவினோம். வெப்பம் மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோம்பல் என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதி, மூச்சுத் திணறலாக இருந்தது.

இரண்டாவது, பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு எஸ்.எம்.பி.எஸ்.-ஐ இரவல் வாங்கி மாட்டி, கார்டு இல்லாமலே படத்தைத் தொகுத்துக்கொண்டு, எந்தப் பகுதி திணறுகிறது என்று விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரில் கவனித்தோம். 8 ஜி.பி. ராம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. செயலியும் அவ்வாறே. அவனுடைய கேமரா எச்.265 என்னும் முறையில் படத்தைச் சுருக்கிப் பதிக்கிறது. நம் செயலி 2014-ஆம் ஆண்டின் நான்காம் தலைமுறை. அந்தச் சுருக்கத்தை விரிக்கத் தனி உறுப்பு அதில் இல்லை. எல்லாவற்றையும் நான்கு நெசவாளர்களும் கையாலே பிரிக்க வேண்டியிருந்தது. ஆகவே கிராபிக்ஸ் கார்டு தேவைதான். ஆனால் அது ஒன்றே தேவை அன்று. ராமைக் கூட்டாமல், எஸ்.எஸ்.டி. மாட்டாமல் கார்டை மட்டும் போடுவது, வாய்க்காலைத் தூர்வாராமல் மதகை மட்டும் அகலப்படுத்துவது போன்றது.

மூன்றாவது, விரலுக்கேற்ற வீக்கம் எது என்று தேடினோம். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜி.பி. வகை 2024-இல் வந்தது. அது 70 வாட்டில் அடங்கும். தாய்ப்பலகையின் துளையே 75 வாட் வரை தரும் என்பதால், இவ்வகையில் பல கார்டுகளுக்குத் தனி மின் கம்பியே வேண்டியதில்லை. தறிகள் குறைவுதான், 2,304. ஆனால் எச்.265-ஐ விரிக்கவும் சுருக்கவும் தனி உறுப்புகள் அதிலும் உண்டு. இதே பெயரில் 8 ஜி.பி. வகை ஒன்றும் இருக்கிறது. அது 130 வாட் கேட்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கே ஏமாறக்கூடும். எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் புதிதாய் 450 வாட்டுக்கு மாற்றினோம். இப்போது எல்லாம் சேர்ந்து உச்சத்தில் ஏறத்தாழ 200 வாட். நம் அணைக்கணக்கில் சொன்னால், நீர் பாதி உயரத்தைக்கூடத் தொடவில்லை.

நான்காவது, பணம் கேட்காத வழிகளையும் கற்றோம். 4கே கோப்புகளுக்குப் பதிலாக அவற்றின் சிறிய நகல்களை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் மட்டும் மூலத்தைப் பயன்படுத்தும் வசதி தொகுப்பு மென்பொருள்களில் உண்டு; அதைப் 'பிராக்சி' என்பார்கள். கேமராவின் அமைப்பிலும் ஒரு மாற்றம் செய்தான். 4:2:2 என்னும் நிறப் பதிவை விரிக்கும் உறுப்பு, என்விடியாவில் 2025-இல் வந்த 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் இல்லை. அதை 4:2:0-க்கு மாற்றியதும் பாரம் குறைந்தது. மேலும், கார்டின் உதவியோடு படத்தை விரிக்கும் வசதியைச் சில மென்பொருள்கள் கட்டணப் பதிப்பில் மட்டுமே தருகின்றன; கார்டு வாங்கும்முன் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்திய கார்டுகளைப் பற்றியும் ஒரு சொல். எதீரியம் என்னும் மின்நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தபோது, இரவும் பகலும் ஓய்வின்றி உழைத்த கார்டுகள் ஏராளமாய்ச் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல. எனினும் வாங்குகிறவர் கடையிலேயே இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, விசிறியின் ஓசையையும் வெப்பத்தையும் கவனித்தபின் பணம் கொடுப்பது நலம்.

இத்தனையும் செய்து முடித்த பின்னரே, செய்யக் கடினமான காரியம் ஒன்று எனக்கு மீதியிருந்தது. 3060 கார்டு பிழைத்திருந்தது. கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு 15,500 ரூபாய் கொடுத்தார். குறைந்த 3,500 ரூபாயைக் கொடுப்பதற்காக அந்த வாலிபனின் வீட்டுக்குச் சென்றேன். அங்கே அவன் தாயாரின் கழுத்தைக் கண்டேன். மஞ்சள் கயிறும் இல்லாத அந்தக் கழுத்தில் எப்போதும் கிடந்த மெல்லிய சங்கிலி இல்லை. 19,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அம்மா, என்னை மன்னிக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்தவனைப் போலச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிக் காபி கொண்டுவந்தார். பின்பு சொன்னார்: "ஐயா, நீங்க சொன்னதுக்காக நான் அதை அடகு வைக்கல. சங்கிலி போனா மீட்டுக்கிடலாம். பிள்ளை திருப்பூர் போயிட்டா, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் பார்க்க முடியும். அதுக்காக வச்சேன்."

நான் அவனை ஊரில் நிறுத்த ஒரு சொல்லைச் செலவழித்தேன். அவரோ தம்மிடமிருந்த ஒரே நகையைச் செலவழித்தார். என் சொல்லின் விலையை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் அறியாதிருந்தேன். பிரியமானவர்களே, பிறருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கிற நாம் யாவரும், பெற்றோரானாலும் ஆசிரியரானாலும் மேய்ப்பரானாலும், இதைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். நம் சொல்லை நம்பி ஒருவர் செய்யும் செலவு நம் பையிலிருந்து போவதில்லை. ஆகையால் அது நமக்குக் கனமாய்த் தெரிவதுமில்லை. "எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்போம்" என்று சொல்லியிருந்தால் என் மதிப்பு ஒரு அணுவும் குறைந்திராது.

மீட்கும்வரை அடகின் வட்டியை நான் கட்டுவதாகச் சொன்னேன். அவர் மறுத்தார், பின் இசைந்தார். எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., ராம் ஆகியவற்றின் செலவை, கணினி சபையினுடையது என்பதால், சபைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆவணியில் அவன் மூன்று திருமணங்களை ஏற்றுக்கொண்டான். நான்காவது வீட்டார் காத்திருக்காமல் தேனியில் வேறொருவரிடம் சென்றுவிட்டனர். அந்த இழப்பு இழப்புதான். முன்பு விடிய விடிய ஓடிய வேலை இப்போது இரவு உணவுக்கு முன் முடிகிறது. கார்த்திகையில் அந்தச் சங்கிலி மீண்டும் அந்தத் தாயாரின் கழுத்துக்கு வந்தது.

இதனால் அந்தக் கணினி புதிதாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இத்தனை பழைய செயலியை முறைப்படி ஏற்பதில்லை. இன்னும் சில காலம் இணையத்தோடு அதிகம் தொடர்பின்றித் தொகுப்பு வேலைக்கு மட்டும் அது உழைக்கும். பின்பு வேறு பெட்டி வாங்கும்போது கார்டும் எஸ்.எஸ்.டி.யும் எஸ்.எம்.பி.எஸ்.-உம் அதற்குள் குடிபெயரலாம். பழைய ராம் மட்டும் இங்கேயே தங்கிவிடும். பழையதற்குச் செலவிடும்போது, எதைப் பின்னால் எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதும் ஒரு ஞானமே.

பிரியமானவர்களே, நீங்கள் அடுத்த முறை வைகை அணைப் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு செல்லும்போது, அந்த அணைச் சுவரை ஒரு கணம் நோக்குங்கள். அதன் உறுதி எத்தனை அடி தேக்கலாம் என்பதில் மட்டும் இல்லை. எத்தனையாவது அடியில் எச்சரிக்க வேண்டும் என்பதை முன்னமே எழுதி வைத்திருப்பதிலும் இருக்கிறது. இந்த வாரம் யாருக்காவது ஒரு பாரத்தைச் சுமக்கச் சொல்ல நேர்ந்தால், மகனுக்கோ மருமகளுக்கோ உடன் ஊழியனுக்கோ, முதலில் அவர்கள் அருகே அமர்ந்து, எத்தனை அடி தாங்கும் என்று கேளுங்கள். கேட்டபின் சொல்லுங்கள்.

சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. அடுத்த வாரம் சந்திப்போம்.